ரஜூலா போன வழியில்



கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் நடத்த, போனவர்களின் பழைய கடிதங்களைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் படித்த தேவகோட்டை வாசகி ஒருவர், "ரஜூலா கப்பலில் ஐயா போன கதையெல்லாம் சரி, அந்தக் கடலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பேரன் கேட்கிறானே, என்ன சொல்ல?" என்று எழுதியிருந்தார். பதிலைத் தேடிப் போனால், அது நம்மவர்கள் லேவாதேவி நடத்திய சுமத்ராவின் மேடானுக்கே கொண்டுபோய் விட்டது.

மேடானுக்குத் தெற்கே டோபா ஏரி. நீளம் மட்டும் சுமார் 100 கிலோமீட்டர். 74,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, உள்வாங்கிய பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் அது. அன்று கிளம்பிய சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி இந்தியாவிலும் கொட்டியது. ஆந்திரத்தில் கர்நூல் பக்கம் ஜுவாலாபுரத்தில் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்ததை ரவி கோரிசெட்டர், மைக்கேல் பெட்ராக்லியா குழுவினர் 2007இல் வெளியிட்டார்கள். கடலில் விழுந்தது அடியில் படிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா பினாங்கு போன வழிக்குச் சற்றுத் தெற்கே 1988இல் கடல்தரையைத் துளைத்தபோது, அந்த அடுக்கு ஏறக்குறைய ஓர் அடி கனத்துக்கு வந்தது.

சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பலை நினைத்துவிட வேண்டாம். இது எரிந்து மிஞ்சியதல்ல, பொடிந்த கண்ணாடி. உருப்பெருக்கியில் வைத்தால், வாயுக் குமிழிகள் வெடித்தபோது சிதறிய வளைந்த சில்லுகள் தெரியும். சர்க்கரைப் பாகை நிதானமாக விட்டால் கற்கண்டு கட்டும்; சட்டென்று ஆறினால் கண்ணாடியாய் இறுகும். பாறைக்குழம்புக்கும் அதே கதிதான். படிகம் கட்ட நேரம் கிடைக்காத பொருள் நிலைத்திருக்காது.

கடலடியில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. மேலே சேறு படியப் படியச் சாம்பல் புதைகிறது. துகள்களுக்கு இடையே நிற்கும் உப்புநீர் கண்ணாடியை மெல்ல அரிக்கிறது. சிலிக்கா, சோடியம், கால்சியம் எல்லாம் கரைந்து வெளியேற, நீரில் இருந்த மெக்னீசியம் புதிதாக உருவாகும் களிமண்ணுக்குள் போய்ச் சேர்கிறது. அந்தக் களிமண்ணுக்கு ஸ்மெக்டைட் என்று பெயர். தண்ணீர் பட்டால் உப்புகிற களி. கட்டடத்துக்குப் பைல் இறக்கும்போது குழி சரியாமல் இருக்க ஊற்றுகிறார்களே பெண்டோனைட், அதுவும் இந்த வகைதான். கூடவே சியோலைட் படிகங்களும் விளைகின்றன.

இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. துளைத்தெடுத்த சேற்றை எந்திரத்தில் வைத்துப் பிழிகிறார்கள். சொட்டுச் சொட்டாக வருகிற நீரைச் சோதிக்கிறார்கள். ஆழம் போகப் போக மெக்னீசியம் குறைந்து கால்சியம் கூடிக்கொண்டே போனால், கீழே சாம்பலோ எரிமலைப் பாறையோ மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டோபா அடுக்குக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. அது பெரும்பாலும் கண்ணாடியாகவே இருக்கிறது. லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் வயதான, ஆழத்துச் சூட்டில் கிடக்கிற சாம்பலில்தான் மாற்றம் முழுசாக நடக்கிறது.

மனிதர் கட்டிய சுவரிலோ இது இரண்டாயிரம் ஆண்டுகளில் நடந்திருக்கிறது. நேப்பிள்ஸ் வட்டாரத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்து ரோமானியர்கள் துறைமுகச் சுவர்கள் எழுப்பினார்கள். கடல்நீர் ஊறி ஊறி, அந்தக் காரைக்குள் ஃபிலிப்சைட் என்ற சியோலைட்டும் டோபர்மோரைட்டும் வளர்ந்து அதைப் பிணைத்திருப்பதை மேரி ஜாக்சன் குழுவினர் 2017இல் காட்டினார்கள். 1870களில் 'சேலஞ்சர்' கப்பல் பசிபிக் கடலடியிலிருந்து அள்ளி வந்ததும் இதே ஃபிலிப்சைட்தான். நம் வளவு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு வேறு வழியில், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி இறுகுவது. பர்மாத் தேக்கை அத்தனை தூரம் கொண்டுவந்தவர்களுக்குச் சுமத்ராச் சாம்பலின் அருமை தெரியவில்லை, பாவம்.

உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் மேடான், பினாங்குக் கடிதங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். டோபா ஏரி பற்றியோ, கடலில் மிதந்து வந்த நுரைக்கல் பற்றியோ ஒரு வரி இருந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள், வெளியிடுகிறோம். மூலக் கடிதத்தைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

அன்புடன்,
ஆசிரியர்