வாகைகுளத்தில் தோவாளைப் பூவுக்கும் இடம் வேண்டும்

தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தின் புதிய முனையத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். செலவு சுமார் 450 கோடி ரூபாய். பரப்பு 17,340 சதுர மீட்டர். நெரிசல் நேரத்தில் 1,350 பயணிகள் வந்துபோகலாம். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. தென்மாவட்ட மக்கள் நெடுநாள் கேட்டது கிடைத்திருக்கிறது.

அடுத்த கட்ட விரிவாக்கத்தில் பயணிகளோடு பூவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், விடியுமுன்பே கூடும் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சி, மல்லிகை, அரளி, கொழுந்து எனக் கூடைகள் நிறையும். ஓணம் நெருங்கினால் கேரள வியாபாரிகள் குவிவார்கள். இந்த ஊரின் மாணிக்கமாலை என்னும் பூமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், காலையில் பறித்த மல்லிகை மொட்டு அந்தியில் விரிந்துவிடும். குளிர்ச்சி இருந்தால்தான் அதைத் தள்ளிப்போட முடியும். வழியில் வெயிலில் கிடந்த பெட்டிக்கு விலை கிடைக்காது.

முன்பு வாகைகுளத்துக்கு வந்த ஏடிஆர் ரகச் சிறு விமானங்களில் சரக்குக்கு இடம் சொற்பம். நீண்ட ஓடுதளத்தில் ஏர்பஸ் 321 ரக விமானங்கள் இறங்கலாம்; அவற்றில் டன் கணக்கில் சரக்கு ஏற்றலாம். ஆகவே, விமானம் வரும்வரை பெட்டிகள் எங்கே காத்திருக்கும் என்பதை வடிவமைப்பாளர்கள் யோசிக்க வேண்டும். லாரி நிற்க நிழற்கூரை, எடைமேடை, ஸ்கேனர், குளிர்பதன அறை எல்லாம் ஒரே வரிசையில், விமானம் நிற்கும் தளத்துக்குப் பக்கத்தில் அமைய வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு இவற்றுக்கு இடம் தேடினால் மூலைக்கொன்றாகத்தான் அமையும்.

கென்யாவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளின் ரோஜா, குளிரூட்டிய லாரியில் நைரோபி விமான நிலையம் சேர்ந்து, குளிர்பதன அறையில் காத்திருந்து ஐரோப்பாவுக்குப் பறக்கிறது.

திருவனந்தபுரம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். வளைகுடா நாடுகளுக்குப் போகும் பூவுக்கு அதுவே வசதி. சென்னைக்கும் பெங்களூருக்கும் போக வேண்டிய பூவுக்கு, ஆரல்வாய்மொழி கணவாய் கடந்து திருநெல்வேலி வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கும் வாகைகுளம் இரண்டாவது வாசலாக இருக்கும். விலை பேச வியாபாரிக்கும் தெம்பு கூடும்.

நெரிசல் நேரத்தில் 1,800 பயணிகள் வரை முனையத்தை விரிவாக்க வழிவைத்திருக்கிறார்கள். அதற்கான வரைபடத்தைத் தொடங்குமுன் இந்திய விமான நிலைய ஆணையம் தோவாளை வியாபாரிகளையும் பூக்கட்டும் தொழிலாளர்களையும் அழைத்துப் பேச வேண்டும். சந்தையிலிருந்து லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும், பெட்டியின் அளவு என்ன, ஓண வாரத்தில் வரத்து எவ்வளவு கூடும் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டுக் குளிர்பதன அறையின் அளவை முடிவு செய்யட்டும்.