கழுத்துப்பட்டை போதும்
கோடை வந்தால் வழக்கறிஞர்களின் கறுப்புக் கோட்டு பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. கழுத்தில் தொங்கும் வெள்ளைப் பட்டையை யாரும் கவனிப்பதில்லை. தீர்வு அதில்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கோடையில் கோட்டு கட்டாயமில்லை என்கின்றன இந்திய பார் கவுன்சில் விதிகள். ஆக, வேலூர் மாவட்ட நீதிமன்றத்தில் கோட்டில்லாமல் நிற்பவரை வழக்கறிஞர் என்று அடையாளம் காட்டுவது அந்தப் பட்டைதான். வேலூருக்குப் போதுமானது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஏன் போதாது? மேல்மன்றத்தின் மாண்பு என்பார்கள். மாண்பு துணியின் கனத்தில் இருந்தால், இந்த உடையை நமக்குத் தந்த இங்கிலாந்தில் உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் 2008-இல் பொய்முடியையும் பட்டையையும் சேர்த்தே கழற்றியிருக்க மாட்டார்கள். (நான் பட்டையையாவது விட்டுவைக்கிறேன்!) குளிர்சாதன வசதி இருக்கிறதே என்பது பாதி வாதம், அறைக்கு அறை ஓடும் இளம் வழக்கறிஞருக்குத் தாழ்வாரத்தில் ஏது குளிர்ச்சி? இதற்குச் சட்டத்தைத் திருத்தவும் வேண்டாம். தட்பவெப்பத்தைக் கருத்தில் கொண்டு உடை விதிகளை வகுக்க 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டமே பார் கவுன்சிலுக்கு இடம் தருகிறது. தேவை, இந்தியத் தலைமை நீதிபதியின் ஒப்புதல் மட்டுமே. அடுத்த ஏப்ரலுக்குள் அதைப் பெறட்டும்.