பச்சை நம்பர் பிளேட் போதுமா? மின்சார வண்டியின் புகை எங்கே போகுது?

தி.நகர் உஸ்மான் சாலையிலும் மயிலாப்பூர் மாடவீதியிலும் பச்சை நம்பர் பிளேட் வண்டிகள் கூடிக்கிட்டே போகுது. சைலன்சர் இல்லை, புகையும் இல்லை. அப்போ கார்பன் பூஜ்யம்தானே? இல்லை. வண்டியில் வராத புகை, மின்சாரம் தயாராகும் இடத்தில் வருகிறது.

எவ்வளவு வருகிறது என்பதைக் கணக்குப் போடலாம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ.

லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டர், கி.மீ.க்கு 50 கிராம் கக்கும். மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் 30 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொண்டால் சுமார் 24 கிராம். பாதிக்குப் பாதி மிச்சம். பேட்டரி தயாரிப்பில் வரும் கார்பன் தனி. அது கழிய வண்டி சில ஆயிரம் கி.மீ. ஓடியாக வேண்டும். வாங்கி வீட்டில் நிறுத்தி வைத்தால் லாபமில்லை.

பஸ் கதை வேறு. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்களை மாநகர் போக்குவரத்துக் கழகம் இறக்கியது. ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையும் சேர்ந்தது. லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் டீசல் பஸ், கி.மீ.க்கு 670 கிராம் விடும். கி.மீ.க்கு ஒரு யூனிட் குடிக்கும் மின்சார பஸ்ஸின் கணக்கு 700 கிராம். ஏசி போட்டால் இன்னும் ஏறும். அதாவது, இன்றைய நிலக்கரி மின்சாரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒண்ணுதான்!

அப்போ மின்சார பஸ் வேஸ்ட்டா? கிடையவே கிடையாது. லஸ் கார்னரில் பஸ்ஸுக்கு நிற்கும் குழந்தையின் மூக்கில் டீசல் கரி ஏறாது. அதோடு, மின்சாரம் சுத்தமாக ஆக, இதே பஸ்ஸும் சுத்தமாகும். இன்று வாங்கும் டீசல் பஸ், பத்து வருஷம் கழித்தும் அதே புகையைத்தான் விடும்.

ஆனால் ‘இத்தனை பஸ் விட்டோம்’ என்பது அளவுகோல் அல்ல. அந்த பஸ்ஸில் 60 பேர் இருந்தால் தலைக்கு 12 கிராம்கூட வராது. பத்து பேர்தான் என்றால் 70 கிராம். தனியாளாகப் பெட்ரோல் ஸ்கூட்டரில் போவதே மேல்! ஆக, அடையாறில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு பஸ் ஏறினவர் எத்தனை பேர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எப்போது சார்ஜ் போடுகிறோம் என்பதும் முக்கியம். மதியம் சூரிய மின்சாரம் கொட்டுகிறது. ராத்திரி பணிமனையில் பிளக் சொருகினால் பெரும்பாலும் நிலக்கரிதான். அந்தச் சாம்பல் அடையாறில் விழாது, எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் விழும். தென் சென்னை மூச்சு விட, வட சென்னை இரும வேண்டுமா?

இந்தக் கணக்கை வெளியிடுவது பெரிய கஷ்டமில்லை. இந்த பஸ்களை ஓட்டும் தனியார் நிறுவனத்துக்குக் கி.மீ. கணக்கில்தான் பணம் போகிறது. பணிமனையில் மின் மீட்டர் இருக்கிறது. டிக்கெட் மெஷினில் பயணிகள் எண்ணிக்கையும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து, பணிமனை வாரியாக, சார்ஜ் செய்த நேரத்தோடு மாதாமாதம் இணையத்தில் போட வேண்டியதுதான் பாக்கி.