துவக்கும் ஒரு விளையாட்டுப் பொருளாகுமா?

யாழ்ப்பாணத்தில் 'துவக்கு' என்ற சொல்லை உச்சரித்தாலே கேட்பவர் முகம் மாறிவிடுகிறது. அதே சொல்லைக் கனடாவிலோ நியூசிலாந்திலோ வாழும் எம்மவர் ஒருவர், கிரிக்கெட் மட்டையைப் பற்றிப் பேசுவதுபோலச் சாதாரணமாகச் சொல்கிறார். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பொயின்ற் 22 ரகத் துவக்கு ஒன்றை வார இறுதியில் சுடுகளத்துக்கு எடுத்துச் சென்று, காகித இலக்குகளைச் சுட்டு மகிழ்வது அங்கே சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. 'இத்தனை இழப்புக்குப் பின் இது எமக்கு அடுக்குமா?' என்று முகஞ்சுளிப்போர் உளர். அதையே வீரத்தின் அடையாளமாகப் படம்பிடித்துக் காட்டுவோரும் உளர். இவ்விரு சாராருடனும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். பொயின்ற் 22 தோட்டாவில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கிறது. அவ்விளிம்பில் அடி விழுந்ததும் தோட்டா வெடிக்கிறது. இன்று பரவலாக வழங்கும் 'லோங் றைபிள்' தோட்டா 1887 இல் வந்தது. விலை மலிவு, தோளில் உதைப்பு மிகக் குறைவு. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு சன்னம் பாய்ந்து, அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும் துவக்கை, விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் பொயின்ற் 22 ரகத் தோட்டா ஒன்றுக்கென வின்செஸ்ரர் நிறுவனம் 1903 இல் வெளியிட்டது. ஜோன் பிறவ்ணிங் வடிவமைத்த துவக்கு 1914 இலும், நைலோன் உடல் கொண்ட றெமிங்ரன் 66 1959 இலும், றூகர் 10/22 1964 இலும் வந்தன. 1907 இல் அட் ரொப்பர்வைன் என்ற அமெரிக்கர் வின்செஸ்ரர் 1903 துவக்குகளைக் கொண்டு, மேலே எறியப்பட்ட 72,500 மரக்கட்டைகளைப் பத்து நாட்களில் சுட்டார். தவறியவை ஒன்பது மட்டுமே. மூச்சையும் கண்ணையும் விரலையும் ஒருங்கிணைக்கும் இந்தப் பயிற்சியில் இன்பம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த இன்பத்துக்குச் சட்டம் என்றொரு வேலி உண்டு. 1987 இல் இங்கிலாந்தின் ஹங்கர்போர்ட் நகரில் துப்பாக்கிதாரி ஒருவன் 16 பேரைக் கொன்றதையடுத்து, தானாக ஏற்றிக்கொள்ளும் துவக்குகளை 1988 இல் பிரித்தானியா தடைசெய்தது. பொயின்ற் 22 ரகத்துக்கு மட்டும் விலக்களித்தது. 2019 இல் கிறைஸ்ற்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபின் நியூசிலாந்தும் அவ்வாறே செய்தது. பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாத பொயின்ற் 22 தப்பியது. ஆனால் 1996 இல் போர்ட் ஆதரில் 35 உயிர்களைப் பறிகொடுத்த அவுஸ்திரேலியா, இந்தச் சிறிய துவக்கையும் விவசாயிகள் முதலிய சிலருக்கென மட்டுப்படுத்தியது. கருவி ஒன்றுதான், தீர்ப்புகள் வேறு. எது சரி என்பதில் வாதிக்க இடமுண்டு. எனினும் மூன்று நாடுகளிலும் நாடாளுமன்றம் கூடி விவாதித்தது, சட்டம் இயற்றியது, மக்கள் துவக்குகளைக் கொண்டுபோய்க் கையளித்தனர். சுடுகளத்தில் ஒருவர் அச்சமின்றிப் பொழுதுபோக்க முடிவது, சட்டத்தின்மீதுள்ள அந்த நம்பிக்கையினாற்றான்.

எமக்கு அந்த நம்பிக்கை வாய்க்கவில்லை. 1916 ஆம் ஆண்டுச் சுடுபடைக்கலச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற வேட்டைத் துவக்குகள் ஒரு காலத்தில் எங்கள் கிராமங்களிலும் இருந்தன. பன்றியை விரட்டவும் பயிரைக் காக்கவும் அவை பயன்பட்டன. 1975 யூலை 27 ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் முன்றலில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் துவக்கின் பொருளே மாறிற்று. 1980களில் வீட்டுத் துவக்குகளை இயக்கங்கள் எடுத்துச் சென்றன. வெடிச்சத்தத்தைக் கொண்டே எந்த ஆயுதம், எத்திசை என்று சிறுவர்கள் சொல்லப் பழகினர். பத்திரிகைக்காரராகிய நாங்களோ 'இனந்தெரியாத துப்பாக்கிதாரிகள்' என்ற தொடரை அச்சுக்கோர்த்துக் கோர்த்து அலுத்துப்போனோம். 2000 ஒக்ரோபர் 19 ஆம் திகதி மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2 ஆம் திகதி உதயன் அலுவலகத்தினுள் இரு ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். துவக்கு எங்களுக்குத் தொழுகைக்கு உரியதாயிற்று, அல்லது மரண பயமாயிற்று. வெறும் கருவியாக இருக்க அது மறந்துவிட்டது.

ஆகவே குடாநாட்டு வீடுகளுக்குத் துவக்கு மீண்டும் வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சிறியது என்று எண்ணப்படும் பொயின்ற் 22 சன்னமும் ஒரு மைலுக்கு மேல் பாயவல்லது, ஆளைக் கொல்லவல்லது. அதைத் தடுத்து நிறுத்த ஒரு குன்றுகூட இல்லாத சுண்ணாம்புக்கல் தரை எங்களுடையது. வேலிக்கு அப்பால் வேலி, வளவுக்கு அப்பால் வளவு. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றரில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி, 5,83,000 பேர் வாழும் மாவட்டம் இது.

ஆனால் இலக்கு நோக்கிச் சுடும் விளையாட்டையே எங்கள் பிள்ளைகளுக்கு மறுக்கவேண்டுமா? கொழும்பின் பெரிய கல்லூரிகளில் அது அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் காற்றுத் துப்பாக்கியுடன் தோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் களம் கண்டார். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 இல் லண்டனில் வெண்கலம் வென்றார். பத்து மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்கு ஒரு மண்டபம் போதும். வெடிமருந்து இல்லை. இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர். அதை எட்டக் கோபம் உதவாது; பொறுமையே உதவும்.

நிபந்தனை ஒன்றுண்டு. இதைக் கல்விப் பகுதியினரும் விளையாட்டுச் சங்கங்களும் நடத்தவேண்டும், படைமுகாமில் நடத்தலாகாது. சுடப் பழகுவதற்கு இராணுவ வாசலைத்தான் மிதிக்கவேண்டும் என்றால், எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள்? அனுப்பாவிடில் அவளைக் குறைகூறத்தான் முடியுமா?

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பழைய துவக்கைத் துடைத்துப் பேணுங்கள், சட்டப்படி பூட்டி வையுங்கள், சுடுகளத்தில் மகிழ்ந்திருங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அத்துவக்கோடு எங்கள் இறந்தோரின் நினைவைக் கலக்காதீர்கள். காகிதத்தைத் துளைப்பது விளையாட்டு. அது விளையாட்டாகவே இருக்கட்டும். எங்கள் மண்ணிலும் ஒரு நாள், ஒரு வெடிச்சத்தம் கேட்டதும் "யார் செத்தது?" என்று கேளாமல், "எத்தனை புள்ளி?" என்று கேட்கும் தலைமுறை வரவேண்டும் என்பதே என் அவா.