உட்கார முடியாத நாற்காலி எதற்கு?

டென்மார்க் நாற்காலிகளைச் சேகரிப்பவர்கள் மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. 1947-இல் போர்கே மோகன்சன் ஜே39 நாற்காலியை வடிவமைத்தது பணக்காரர்களுக்காக அல்ல. நுகர்வோர் கூட்டுறவு அமைப்புக்காக, சாதாரணக் குடும்பங்களின் சாப்பாட்டு மேசைக்காக. 'மக்கள் நாற்காலி' என்றே அதற்குப் பெயர். இருக்கையில் இருப்பது முறுக்கிய காகிதக் கயிற்றுப் பின்னல். நைந்தால் அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். மரச்சட்டம் அப்படியே உழைக்கும்.

இதைப்போய், 'பழைய பின்னல் கெடக்கூடாது' என்று யாரையும் உட்காரவிடாமல் மூலையில் நிறுத்தி வைக்கிறார்கள். 1960 தொலைக்காட்சி விவாதத்தில் கென்னடி, வேக்னரின் வட்ட நாற்காலியில் உட்கார்ந்தார் என்று பெருமை பேசுபவர்களும் இவர்களே. அவர் உட்கார்ந்தாரே ஐயா! நீங்களும் உட்காருங்கள். பின்னல் அறுந்தால் பின்னுகிறவருக்கு நாலு காசு கிடைக்கும். அந்தத் தொழிலும் பிழைக்கும்.