‘மதர்போர்டு போச்சு’ன்னு சொன்னாங்களா?

நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. இன்னைக்குன்னு பார்த்து உங்க பழைய லேப்டாப் ஆன் ஆகலை. கடையில ‘மதர்போர்டு போச்சு’ன்னா பர்ஸும் போச்சு! அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க பாஸ்.

உதாரணத்துக்கு, 2011-ல் வந்த 12.5 இன்ச் குட்டி, லெனோவோ திங்க்பேட் எக்ஸ்220. முதல்ல அடாப்டர், பேட்டரி ரெண்டையும் கழட்டிட்டு, பவர் பட்டனை 30 செகண்ட் அழுத்திப் பிடிங்க. உள்ளே தங்கின கரன்ட் வெளியேறிடும். அப்புறம் அடாப்டரை மட்டும் மாட்டி ஆன் பண்ணுங்க. ஓடுதா? பேட்டரியையும் மாட்டிப் பாருங்க. மறுபடி மக்கர் பண்ணினா, குற்றவாளி பேட்டரிதான்.

ஓடலையா? திரும்ப எல்லாத்தையும் கழட்டி, அடிப்பக்க மூடியைத் திறந்தா ரெண்டு ரேம் ஸ்லாட் இருக்கும். ஒவ்வொரு ரேமா மாட்டி டெஸ்ட் பண்ணுங்க. திரையில ‘ஃபேன் எரர்’னு காட்டிட்டு அணைஞ்சா, ஃபேன் சரியா சுத்தலைன்னு அர்த்தம். தூசி தட்டணும், இல்லைன்னா ஃபேனை மாத்தணும். எதுக்குமே அசையலைன்னாத்தான் கடை.

உயிர் வந்துடுச்சா? சந்தோஷத்துல சினிமா பார்க்க உட்கார்ந்துடாதீங்க. முதல் வேலையா ப்ராஜெக்ட்டை பென் டிரைவ்ல காப்பி பண்ணுங்க. தாத்தா மறுபடி எப்போ மயங்குவாரோ!