அபேட்சகரை நிறுத்துவது யார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இரண்டு வருஷங்களுக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்தில், காங்கிரஸ் பிரதிநிதிகள் சபையின் 435 ஸ்தானங்களுக்கும் தேர்தல் நடக்கின்றது. உலகமெங்கும் உள்ள பத்திரிகைகள் அந்த நவம்பர் தேர்தலைப் பற்றியே பக்கம் பக்கமாய் எழுதுகின்றன. ஆனால் அந்த ஸ்தானங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் முடிவு நவம்பருக்குப் பல மாதங்களுக்கு முன்னதாகவே ஏற்பட்டு விடுகின்றது என்பதையும், நவம்பரில் நடப்பது தாலி கட்டி முடிந்த பிறகு நடக்கும் ஊர்வலமே என்பதையும் எடுத்துச் சொல்லுகிறவர்கள் மிகச் சிலரே ஆவார்கள்.

காரணம் மிகவும் சாதாரணமானது. ஒரு தொகுதியில் எப்பொழுதும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும் என்றால், அந்தக் கட்சியின் பேரால் நிற்பவர் எவரோ அவரே மெம்பர். ஆதலால் உண்மையான தேர்தல் எது என்றால், அந்தக் கட்சியின் அபேட்சகராக யாரை நிறுத்துவது என்று அக்கட்சிக்குள் நடக்கின்ற முன் தேர்தலேயாகும். அதற்குத்தான் பிரைமரி என்று பெயர்.

கோவிலில் இருக்கும் சிலையைச் சுயம்பு என்றும், தானாய் முளைத்தது என்றும் பக்தன் நம்பிக் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகின்றான். பகுத்தறிவுள்ளவனோ, "கல்லை வெட்டியவன் யார், செதுக்கியவன் யார், கொண்டு வந்து நட்டவன் யார், அதனால் பிழைக்கிறவன் யார்?" என்று கேட்கின்றான். ஓட்டுச் சீட்டில் இருக்கும் பெயர்களும் அப்படித்தான். அவை தானாய் முளைத்தவை அல்ல. யாரோ ஒருவர் அவற்றைச் செதுக்கி அங்கே நட்டிருக்கின்றார். நட்டவர் யார் என்று கேளாமல், நட்டு வைத்த இரண்டில் எதைக் கும்பிடுவது என்று மட்டும் யோசிப்பவன் ஓட்டன் ஆகமாட்டான். அவன் வெறும் பக்தனே ஆவான்.

முன்காலத்தில் அமெரிக்காவில் இந்த நடுகின்ற வேலையைக் கட்சியின் மேஸ்திரிகளே மகாநாடு என்ற பேரால் நாலு சுவருக்குள் செய்து கொண்டு வந்தார்கள். ரயில்வே கம்பெனிக்காரர்களும் பணமுதலைகளும் யாரைச் சொன்னார்களோ அவரே அபேட்சகர். இந்த அக்கிரமத்தைக் கண்டித்து, அபேட்சகரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் ஜனங்களுக்கே வேண்டும் என்று கிளம்பியவர்களில் முக்கியமானவர் விஸ்கான்சின் மாகாணத்தைச் சேர்ந்த ராபர்ட் லா ஃபாலெட் என்பவர். அவர் கவர்னராய் இருந்தபொழுது 1903ல் இதற்குச் சட்டம் செய்யப்பட்டு, 1904ல் ஜனங்களின் ஓட்டினாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள் பெரும்பாலான மாகாணங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. இது நல்ல சீர்திருத்தம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எந்த நல்ல ஆயுதமும் அயோக்கியர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் மாகாணங்களின் சரித்திரமே அத்தாட்சி. அங்கே அக்காலத்தில் டெமாக்ரடிக் கட்சியைத் தவிர வேறு கட்சிக்கு இடமே இல்லை. அக்கட்சியின் பிரைமரியில் ஜெயித்தவனே மெம்பர். அடிமைத்தனம் ஒழிந்த பின், நிறத்தைக் காரணமாகக் கொண்டு எவருடைய ஓட்டுரிமையையும் மறுக்கக் கூடாது என்று 1870லேயே அரசியல் சட்டத்தில் திருத்தம் செய்தாகி விட்டது. கறுப்பு மக்களை நவம்பர் ஓட்டில் இருந்து நேராக விலக்கச் சட்டம் இடங்கொடாது. அதற்காக வெள்ளையர் என்ன செய்தார்கள்? நவம்பர் வாசலைப் பெயருக்குத் திறந்து வைத்துவிட்டு, பிரைமரி வாசலை அடைத்துப் பூட்டினார்கள். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு, "வாருங்கள், சாப்பிடலாம்" என்று அழைப்பது எப்படியோ அப்படியே ஆயிற்று.

டெக்ஸாஸ் மாகாணம் இதில் காட்டிய சாமர்த்தியத்தை வரிசையாகச் சொல்லுகின்றோம். டெமாக்ரடிக் பிரைமரியில் கறுப்பர் எவரும் ஓட்டுப் போடக் கூடாதென்று 1923ல் சட்டசபையே பகிரங்கமாய்ச் சட்டம் செய்தது. எல் பாசோ நகரத்து வைத்தியராகிய லாரன்ஸ் நிக்ஸன் என்ற கறுப்பர் வழக்குத் தொடுத்தார். 1927ல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டம் செல்லாதென்று சொல்லிற்று. உடனே சட்டசபை, "எங்களுக்கு ஒன்றும் தெரியாது, யார் ஓட்டுப் போடலாம் என்பதைக் கட்சியின் நிர்வாகக் கமிட்டியே சொல்லட்டும்" என்று வேறு சட்டம் செய்தது. கமிட்டி, வெள்ளையர் மட்டுமே என்று தீர்மானித்தது. அதே நிக்ஸன் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார். 1932 மே மாதத்தில் அதுவும் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே கட்சியின் மாகாண மகாநாடு கூடி, சட்டத்தின் தயவே இல்லாமல், "எங்கள் கட்சி வெள்ளையர் கட்சி" என்று தானே தீர்மானம் போட்டுக் கொண்டது. இதை 1935ல் சுப்ரீம் கோர்ட்டும், கட்சி என்பது தனிப்பட்டவர்களின் சங்கம், அதன் வீட்டு விவகாரத்தில் நாம் தலையிடுவதற்கில்லை என்ற கருத்தில், ஒரே குரலாய் ஒப்புக்கொண்டு விட்டது.

பூட்டு ஒன்றுதான், சாவி மட்டும் கைக்குக் கை மாறிற்று. சர்க்கார் கையில் சாவி இருந்தால் குற்றம், கமிட்டி கையில் இருந்தால் குற்றம், மகாநாட்டின் கையில் இருந்தால் மட்டும் குற்றமில்லையாம்! வெளியில் நிற்பவனுக்கு அடைத்த கதவு அடைத்த கதவேயல்லாமல், யார் அடைத்தார் என்பதனால் என்ன லாபம் என்று நாம் கேட்கின்றோம்.

இதற்குள் லூசியானா மாகாணத்தில் வேறொரு வேடிக்கை நடந்தது. 1940 செப்டம்பரில் அங்கு ஒரு காங்கிரஸ் ஸ்தானத்துக்காக நடந்த பிரைமரியில், ஓட்டு எண்ணும் அதிகாரிகளே ஒரு அபேட்சகருக்கு விழுந்த 83 சீட்டுகளையும் மற்றொருவருக்கு விழுந்த 14 சீட்டுகளையும் திருத்தி மூன்றாம் அபேட்சகரின் கணக்கில் சேர்த்துவிட்டதாகக் குற்றஞ் சாட்டப்பட்டார்கள். அவர்களின் வாதம் என்னவென்றால், பிரைமரி என்பது தேர்தலே அல்ல, ஆகவே காங்கிரஸ் தேர்தலுக்கு உரிய சட்டம் அதற்குச் செல்லாது என்பதாகும். அதாவது, "திருடியிருந்தாலும் வீட்டில் திருடவில்லை, திண்ணையில்தான் திருடினோம்" என்பதாகும். 1941ல் சுப்ரீம் கோர்ட்டு இந்த வாதத்தைத் தள்ளி, பிரதிநிதியைத் தெரிந்தெடுக்கும் வேலையில் பிரைமரி ஒரு பாகமாய் இருக்குமானால் அதில் போடும் ஓட்டும் பாதுகாக்கப்பட வேண்டிய ஓட்டேயாகும் என்று தீர்மானித்தது.

இந்தத் திண்ணை வழக்குதான் டெக்ஸாஸ் பூட்டையும் உடைத்தது. 1940 ஜூலை 27ந் தேதி, செனட்டுக்கும், பிரதிநிதிகள் சபைக்கும், கவர்னர் பதவிக்கும் அபேட்சகர்களைத் தெரிந்தெடுக்கும் பிரைமரியில், ஹூஸ்டன் நகரத்துப் பல் வைத்தியராகிய லோனி ஸ்மித் என்ற கறுப்பருக்கு ஓட்டுச் சீட்டு மறுக்கப்பட்டது. அவருக்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் தர்குட் மார்ஷல். பின்னால் 1967ல் அதே சுப்ரீம் கோர்ட்டில் முதல் கறுப்பு ஜட்ஜாய் அமர்ந்தவர் இவரே. 1944 ஏப்ரல் 3ந் தேதி எட்டு ஜட்ஜுகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, 1935ம் வருஷத்துத் தீர்ப்பு தவறென்று ரத்துச் செய்யப்பட்டது. அதன் பிறகு சில வருஷங்களுக்குள் தென் மாகாணங்களில் பல லட்சம் கறுப்பு மக்கள் ஓட்டர்களாய்ப் பதிந்து கொண்டார்கள்.

சூழ்ச்சி அப்பொழுதாவது நின்றதா என்றால் இல்லை. டெக்ஸாஸில் ஃபோர்ட் பெண்ட் என்ற ஜில்லாவில் 1889 முதல் ஜேபேர்ட் சங்கம் என்று வெள்ளையரின் சங்கம் ஒன்று இருந்தது. அது பிரைமரிக்கும் முன்னால் தனக்குள் ஒரு ஓட்டு எடுக்கும். அதில் ஜெயித்தவரே அநேகமாய்ப் பிரைமரியிலும் ஜெயிப்பார். பிறகு பொதுத் தேர்தலிலும் ஜெயிப்பார். வீட்டைத் திறந்தால் திண்ணையைப் பூட்டுவது, திண்ணையைத் திறந்தால் தெருமுனையைப் பூட்டுவது! இதையும் 1953ல் சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்றது. 1923ல் போட்ட பூட்டை முழுதும் கழற்ற முப்பது வருஷமாயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை, இப்பொழுது எல்லாம் சரியாகி விட்டது என்று சிலர் சொல்லலாம். நிறத்தின் பேரால் அடைத்த கதவு திறந்தது உண்மையே. ஆனால் பணத்தாலும், பழக்கத்தாலும், ஜனங்களின் அசிரத்தையாலும் சார்த்திய கதவு இன்னும் இருக்கின்றது. இதற்கு நியூயார்க் நகரத்தின் 14வது காங்கிரஸ் தொகுதியில் 2018ல் நடந்ததைச் சொல்லலாம்.

குயின்ஸ், பிராங்க்ஸ் பகுதிகளைச் சேர்ந்த அத்தொகுதியில் மெம்பராய் இருந்தவர் ஜோசப் கிரௌலி. இவர் முதன்முதல் எப்படிக் காங்கிரசுக்குள் வந்தார் என்பதே வேடிக்கையானது. 1998ல் அந்த ஸ்தானத்தில் இருந்த தாமஸ் மாண்டன் மறுபடியும் நிற்பதாய்ச் சொல்லி மனுவும் போட்டுவிட்டு, வேறெவரும் நிற்பதற்குக் காலம் கடந்த பிறகு விலகிக் கொண்டார். குயின்ஸ் கட்சித் தலைவர்கள் அவர் இடத்தில் கிரௌலியை நிறுத்தினார்கள். மடத்துப் பண்டார சன்னதி தன் சீடனுக்குப் பட்டம் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பின்பு கிரௌலியே ஜில்லாக் கட்சித் தலைவரானார்; சபையில் தன் கட்சியின் முக்கிய தலைவர்களில் ஒருவராகவும் ஆனார். 2004க்குப் பிறகு பிரைமரியில் அவரை எதிர்த்து நிற்க ஒருவரும் வரவில்லை.

2018ல் அவரை எதிர்த்தவர் அலெக்ஸாந்திரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் என்ற 28 வயதுப் பெண். போர்ட்டோ ரிக்கோ வம்சத்தைச் சேர்ந்தவர். மதுக்கடையிலும் ஓட்டலிலும் பரிமாறிப் பிழைத்தவர். கிரௌலி செலவிட்ட பணம் இவருடைய செலவைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டது. ஒரு விவாதக் கூட்டத்துக்குக் கிரௌலி தான் வராமல் தன் சார்பில் வேறொருவரை அனுப்பினார். சிம்மாசனத்தில் இருப்பவர் தெருவில் வந்து பதில் சொல்லுவாரா? இந்தப் பெண்ணோ வீடு வீடாய்க் கதவைத் தட்டினார். ஜூன் 26ந் தேதி ஓட்டு எண்ணியபொழுது அவருக்கு ஏறத்தாழ 17,000 ஓட்டும், கிரௌலிக்கு ஏறத்தாழ 13,000 ஓட்டும் கிடைத்திருந்தன. நவம்பரில் அவர் சுலபமாய் ஜெயித்தார்.

இதைக் கண்டு ஜனநாயகம் வாழ்க என்று கூத்தாடியவர்கள் உண்டு. அந்த அம்மையாரின் கொள்கைகள் சரியா தப்பா என்பதல்ல நம் விஷயம். ஒருவரை இறக்கிவிட்டு இன்னொருவரைத் தெய்வமாக்குவதும் நம் வேலையல்ல. நாம் கணக்கைப் பார்க்கச் சொல்லுகின்றோம். ஏறத்தாழ ஏழு லட்சம் ஜனங்கள் உள்ள தொகுதியில் இந்த முடிவைச் செய்தவர்கள் முப்பதினாயிரம் பேர்தான். நூறு பேரில் நாலைந்து பேர்! குழந்தைகளையும், குடியுரிமை இல்லாதவர்களையும், வேறு கட்சியாரையும் கழித்தாலும், ஓட்டுப் போட உரிமை இருந்தும் வீட்டில் இருந்தவர்களே மிகவும் அதிகம். அன்றியும் அந்த மாகாணத்துப் பிரைமரியில் கட்சியில் பதிந்தவரே ஓட்டுப் போடலாம். அப்பொழுதிருந்த சட்டப்படி, வேறு கட்சியிலிருந்தோ, கட்சியில்லாத நிலையிலிருந்தோ மாறி வர விரும்புகிறவர் முந்திய வருஷம் அக்டோபரிலேயே, அதாவது எட்டு மாதத்திற்கு முன்பே, மாறியிருக்க வேண்டும். அப்பொழுது அபேட்சகர் யாரென்றே அநேகருக்குத் தெரிந்திராது. இந்தக் கெடுவை 2019ல்தான் சட்டம் செய்து குறைத்தார்கள்.

"கட்சி எங்களுடையது, வெளியார் வந்து எங்கள் அபேட்சகரைத் தெரிந்தெடுக்கலாமா?" என்று கேட்பார்கள். இக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கொள்கையை ஒப்புக்கொள்ளாதவனைச் சேர்க்க வேண்டும் என்று எந்தச் சங்கத்தையும் நாம் வற்புறுத்த மாட்டோம். ஆனால் கொள்கையைப் பார்த்து விலக்குவது வேறு, பிறப்பைப் பார்த்து விலக்குவது வேறு. மேலும், ஊருக்கு ஒரே கிணறு இருந்து அது ஒருவன் தோட்டத்தில் இருக்குமானால், "இது என் சொந்தம்" என்று அவன் சொல்லி முடித்துவிட முடியாது. ஒரு கட்சியின் வாசலைத் தவிர வேறு வாசலே இல்லாத இடத்தில் அந்த வாசல் பொதுவழியேயாகும்.

இதற்குப் பரிகாரம் தேடுகிற மாகாணங்களும் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 2010ல் ஜனங்கள் ஓட்டளித்து, எல்லாக் கட்சி அபேட்சகர்களும் ஒரே சீட்டில் நின்று, எல்லா ஓட்டர்களும் ஓட்டளித்து, முதல் இருவர் மட்டும் நவம்பருக்குப் போவதென்று ஏற்பாடு செய்து கொண்டார்கள். அலாஸ்காவில் 2020ல் முதல் நால்வர் போவதென்று முடிவு செய்தார்கள். இவற்றிலும் குறைகள் உண்டு. ஒரே கொள்கையுடைய பலர் நின்று ஓட்டைச் சிதறடித்துக்கொண்டு எதிரிக்கு வழி விடுவதும் நேரலாம். முறை என்பது மனிதன் செய்த கருவி, வேதமல்ல. தேய்ந்தால் தீட்ட வேண்டும், உடைந்தால் மாற்ற வேண்டும்.

ஆனால் எந்த முறை வந்தாலும், ஓட்டன் தூங்கினால் பூட்டுக்காரனுக்கே லாபம். நிக்ஸனும் ஸ்மித்தும் ஒரு ஓட்டுச் சீட்டுக்காக வருஷக்கணக்காய்க் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு மறுக்கப்பட்டது நவம்பர்ச் சீட்டு அல்ல, பிரைமரிச் சீட்டு. அதற்குத்தான் மதிப்பு என்று அடைத்தவனுக்கும் தெரியும், அடைபட்டவனுக்கும் தெரியும். தெரியாதவன், கதவு திறந்திருந்தும் உள்ளே போகாமல், பிறகு "இரண்டு பேரும் யோக்கியர்களல்ல, எல்லாம் தலைவிதி" என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லுகிறவனேயாவான். விதி எந்த அபேட்சகரையும் நிறுத்தினதில்லை. நிறுத்தினவர்கள் மனிதர்கள், அவன் வராத நாளில் வந்தவர்கள்.